வினையுவமமும் காரோட்ட விளையாட்டும்: கிங்ஸ் சர்க்கிள் வழக்கை முன்னிறுத்திய ஒரு மொழிபெயர்ப்புத் திறனாய்வு

மொழிபெயர்ப்பு என்றவுடன் ஒரு நூலையும் அதன் மறுமொழி வடிவத்தையும் மட்டுமே எண்ணிப் பார்ப்பது நம் ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. ஒரு செயலை அச்செயலல்லாத பிறிதொன்றினுள் பெயர்த்துத் தருவதும் மொழிபெயர்ப்புக்குரிய அத்தனை இடர்ப்பாடுகளையும் உடையதே. அவ்வகையில் கருதத்தக்க ஒன்று, உண்மையான காரோட்டத்தைத் திரையில் நிகழ்த்திக் காட்டுவதாகக் கூறிக்கொள்ளும் பந்தய விளையாட்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' இவ்வகையின் தலையாய சான்றாகும். கசுனோரி யமவுச்சி என்பவரின் தலைமையில் ஏறத்தாழ 5 ஆண்டுகள் உழைத்து உருவாக்கப்பட்ட இவ்விளையாட்டு 1 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. அதன் 7ஆம் பதிப்பு 2022 மார்ச்சில் வெளிவந்தது. ஜப்பானியர் ஆக்கிய பொருளுக்குத் தலைப்பு இத்தாலியச் சொல். அதன் கீழே 'தி ரியல் டிரைவிங் சிமுலேட்டர்' என்னும் ஆங்கிலத் தொடர். இக்கட்டுரை அத்தொடரின் முதற்சொல்லைப் பற்றியது. இவ்விளையாட்டு எவ்வகையால் மெய், எவ்வகையால் பொய் என்பதையும், இதனைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர் எதனைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் காண்பதே நோக்கம்.

இக்கேள்வி எனக்கு எழுந்த இடம் மும்பை, மாட்டுங்கா பகுதியிலுள்ள கிங்ஸ் சர்க்கிள். மகேஸ்வரி உத்யான் எனப் பெயர் மாறியபின்னும் பழைய பெயராலேயே வழங்கும் வட்டப் பூங்கா அது. அதைச் சுற்றிச் சாலை, நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள், மேலே பாலம், சற்றுத் தொலைவில் சண்முகானந்தா அரங்கு. பாலக்காட்டுத் தமிழும் தஞ்சைத் தமிழும் இங்குள்ள அடுக்ககங்களில் பேசப்படுகின்றன. தாராவியின் திருநெல்வேலித் தமிழும் நடந்து வரக்கூடிய தொலைவுதான். என் அண்டை வீட்டார் தாராவியிலிருந்து இங்குக் குடிபெயர்ந்தவர்கள். அவ்வீட்டுப் பெரியவர் முதலில் லாரியும் பிறகு நெடுங்காலம் பத்மினி டாக்சியும் ஓட்டியவர். அவருடைய பேரன் 'கிரான் டூரிஸ்மோ'வின் 7ஆம் பதிப்பை ஆடுகிறான். ஆட்டத்தின்போது தாத்தா சொல்லும் சொற்களும் பேரன் சொல்லும் சொற்களும் வேறு வேறாக இருக்கக் கண்டு அவற்றைக் குறித்து வைக்கத் தொடங்கினேன். ஒரு வீட்டுக் குறிப்பைக் கொண்டு ஒரு மொழியின் வழக்கை நிறுவிவிட முடியாது என்பதை உணர்ந்தே இவற்றை ஈண்டுத் தருகிறேன்.

நான்கு வகை உவமம்

தொல்காப்பிய உவமவியல் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்துத் தொடங்குகிறது. புலிபோலப் பாய்தல் வினை; மழைபோல் வழங்கும் கை பயன்; துடியின் வடிவுகொண்ட இடை மெய்; பொன்னின் நிறங்கொண்ட மேனி உரு. ஈண்டு மெய் என்பது வடிவத்தையும் உரு என்பது நிறத்தையும் குறிக்கும் என்பர் உரையாசிரியர். பாவனை விளையாட்டு எதுவாயினும் அது ஓர் உவமையே. உண்மைக் கார் உவமானம், திரைக்கார் உவமேயம். ஆதலின் இந்நான்கையும் கொண்டு இவ்விளையாட்டுகளின் வரலாற்றை அளந்து பார்ப்பதில் தவறில்லை.

1982இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'போல் பொசிஷன்' ஜப்பானின் புஜி பந்தயத் தடத்தின் வடிவைப் பின்பற்றியது, அது மெய்யுவமம். 1986இல் வந்த சேகா நிறுவனத்தின் 'அவுட் ரன்' நீலவானும் கடற்கரையும் சிவப்புக் காரும் ஆகிய நிறங்களால் நெஞ்சில் நிற்பது, அது உருவுவமம். அதன் கார் வளைவில் திரும்பும் முறைக்கும் எந்த உண்மைக் காருக்கும் தொடர்பில்லை. அதனால் அதன் இன்பம் குறைந்துவிடவும் இல்லை. (இவற்றுக்கெல்லாம் முந்திய, 1974ஆம் ஆண்டு அட்டாரியின் 'கிரான் டிராக் 10' கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆன எளிய படம், ஆயினும் அதற்குச் சுழற்றும் சக்கரமும் மிதிகளும் கியர்த் தண்டும் இருந்தன. வடிவும் நிறமும் இல்லாத இடத்தில் கைகால்களின் வினை முதலில் வந்து நின்றது வியப்புக்குரியது.)

'கிரான் டூரிஸ்மோ'வின் சிறப்பு, வினையை முதன்மையாகக் கொண்டதில் உள்ளது. அதில் ஒவ்வொரு காருக்கும் தனியான எடை, தனியான இழுவை, தனியான திரும்பும் இயல்பு உண்டு. முன்சக்கரங்களால் இழுபடும் சிறு காரும் பின்சக்கரங்களால் தள்ளப்படும் பெருங்காரும் ஒரே வளைவில் வேறு வேறாக நடந்துகொள்ளும். ஆடுபவன் சிறிதளவு பணத்தோடு பழைய கார் ஒன்றை வாங்கித் தொடங்குகிறான். ஓட்டுநர் உரிமத் தேர்வுகளை ஒவ்வொன்றாகக் கடக்கிறான். குறித்த தூரம் விரைந்தோடி வரையறுத்த கட்டத்துள் நிறுத்துவது அத்தேர்வுகளுள் ஒன்று. 'எட்டுப் போட்டு' உரிமம் வாங்கிய நம்மவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. வண்டியின் செயலை ஒவ்வொரு கூறாகப் பிரித்துக் கற்பிக்கும் இவ்வமைப்பே இவ்விளையாட்டைத் தன் காலத்துப் பிறவற்றினின்றும் வேறாக்கியது.

இனிக் கலைச்சொல்லுக்கு வருவோம். சிமுலேஷன் என்பதற்குத் தமிழில் உருவகப்படுத்துதல், பாவனை, போலச்செய்தல் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அதனோடு நெருங்கிய வேறொரு கருத்துக்கு மெய்ந்நிகர் என்பது நிலைத்துவிட்டது. உவமவியல் உவம உருபுகளையும் நால்வகைக்கும் எட்டெட்டாகப் பகுத்துத் தருகிறது. அப்பகுப்பின்படி 'போல', 'ஒப்ப' ஆகியவை உருவுவமத்துக்கும், 'நிகர்ப்ப' என்பது மெய்யுவமத்துக்கும் உரியன. வினைக்குரிய 'அன்ன', 'மான', 'உறழ' முதலிய எட்டனுள் ஒன்றேனும் நம் கலைச்சொல்லாக்கத்தில் இடம் பெறவில்லை. இவ்வரையறை சங்கப் பாடல்களிலேயே கடைப்பிடிக்கப்படவில்லை, 'போல' நால்வகைக்கும் வந்துள்ளது என்று மறுப்போர் கூறுவது சரியே. உரையாசிரியரும் அதனை உணர்ந்தே பெரும்பான்மை பற்றிய விதி என்று அமைதி கூறினர். ஆயினும் சொல்லைத் தேடும்போது நம் கண் எங்குச் செல்கிறது என்பதை இது காட்டுகிறது. திரையைப் பார்த்துப் பெயர் வைத்தோம்; வண்டியின் நடத்தையைப் பார்த்து வைக்கவில்லை. உருவகப்படுத்துதல் என்பதோ இன்னும் பொருந்தாது. உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமை நீங்கிய நிலையே உருவகம். பாவனைப் பொறியின் பயனெல்லாம் அவ்வேற்றுமை நீங்காதிருப்பதில் உள்ளது. அது நீங்கினால் ஆடுபவன் மருத்துவமனையில் இருப்பான்.

மெய் என்னும் சொல்

மேற்குறித்த ஆங்கிலத் தொடரில் 'ரியல்' என்னும் அடை ஓட்டத்தைத் தழுவுகிறதா, பாவனைப் பொறியைத் தழுவுகிறதா என்பது தெளிவில்லை. விளம்பரத்துக்கு அந்த மயக்கம் உதவியாக இருக்கலாம். 'உண்மையான காரோட்டப் பாவனை' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் தமிழிலும் அதே மயக்கம் தங்கும். 'மெய்யோட்டப் பாவனை' என்று தொகையாக்கினால் மயக்கம் நீங்கி, மெய்யான ஓட்டத்தின் பாவனை எனப் பொருள்படும். நான் இதனையே தேர்வேன். காரணம் சுருக்கம் மட்டுமன்று. தமிழில் மெய் என்பது உண்மையையும் குறிக்கும், உடம்பையும் குறிக்கும். இவ்விளையாட்டின் இடர்ப்பாடு முழுவதும் இவ்விரு பொருள்களுக்கும் இடையே கிடக்கிறது.

பேரன் ஆடுவதை முதன்முறை பார்த்தபோது பெரியவர் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "பாரம் தெரியலயேலே" என்றார். என்ன சொல்கிறீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். வண்டி போகிற போக்கு ஓட்டுகிறவனுக்குக் கண்ணில் தெரிவதற்கு முன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தெரியும். பின்சக்கரம் நழுவப் போகிறது என்பதை இடுப்பு முதலில் அறியும். கண் அறிவது அதற்குப் பிறகு என்று விளக்கினார். வண்டியோட்டத்தில் உண்மை வந்து சேரும் வழி உடம்பு. நாற்காலியில் அசையாது அமர்ந்திருப்பவனுக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. மெய்யின்றி மெய்யைத் தருதலே இவ்விளையாட்டு தன்மேல் ஏற்றிக்கொண்ட பணி.

மொழிபெயர்ப்பாளர் இதனை நன்கறிவர். மூலத்தின் ஒரு நயம் பெயர்ப்பில் வாராதபோது அதனைப் பிறிதோரிடத்தில் ஈடு செய்கிறோம். எதுகையை இழந்த இடத்தில் ஓர் அடுக்குச்சொல்லை வைக்கிறோம். இவ்விளையாட்டு செய்வதும் அதுவே. டயரின் பிடிப்பு எல்லையை நெருங்குகையில் எழும் கீச்சொலி, இடுப்பு அறிய வேண்டியதைச் செவிக்கு மாற்றித் தருகிறது. கைப்பிடியின் அதிர்வு, சாலையின் மேடுபள்ளத்தை உள்ளங்கைக்கு மாற்றித் தருகிறது. 2005இல் வெளிவந்த 'ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்' சாலைமீதே வண்ணக்கோடு தீட்டி, எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதைச் சிவப்பால் காட்டிற்று. இது மூலத்தில் இல்லாத உரைக்குறிப்பு. எந்தப் பந்தயத் தடத்திலும் அப்படிக் கோடில்லை. உரைநூலாசிரியர் அருஞ்சொற்பொருளைப் பாட்டின் அடியிலேயே எழுதி வைத்ததை ஒத்தது இது. பழகியவன் உரையை நீக்கிவிட்டு மூலத்தைப் படிப்பதுபோல் அக்கோட்டை அணைத்துவிட்டு ஆடலாம்.

ஈடு செய்ய மறுத்த படைப்பும் உண்டு. 1967ஆம் ஆண்டுப் பந்தயக் கார்களைப் பாவித்து 1998இல் வெளிவந்த 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' அக்கார்களின் அடங்காத் தன்மையை அப்படியே பெயர்த்தது. புதியவர் ஒருவர் ஒரு சுற்றை முழுமையாக முடிப்பதே அரிது. வல்லுநர் போற்றினர். உண்மைக் காரில் உடம்பு தரும் முன்னறிவிப்பு இல்லாத நிலையில், அதே அளவு அடங்காமை உண்மையைவிடக் கடினமாகிவிடுகிறது என்பதை அது காட்டிற்று. சொல்லுக்குச் சொல் உண்மையாய் இருந்த பெயர்ப்பு, படிப்போன் அடையும் பயனில் மூலத்தினின்றும் விலகிப்போவதை நாம் செய்யுள் மொழிபெயர்ப்பில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

பிடி, அடி, போடு

இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு இப்போது வருகிறேன். மோட்டார்த் தொழிலுக்கான நம் கலைச்சொற் பட்டியல்கள் பெயர்ச்சொற்களால் நிறைந்தவை. ஆக்சிலரேட்டர் முடுக்கி, ஸ்டீயரிங் திசைமாற்றி, கியர் பல்லிணை, டயர் உருளிப்பட்டை என நீளும். இவற்றுள் சில அழகியவை. முடுக்கி என்பதை நான் விரும்புகிறேன், அது உயிருள்ள வினையிலிருந்து வந்தது. ஆயின் ஓட்டுநர் வழக்கில் தமிழ் இருக்கும் இடம் பெயரன்று. பெயர்கள் ஏறத்தாழ அனைத்தும் கடன். பிரேக், கிளட்ச், கியர், ஸ்டீயரிங் என்பவற்றை ஓட்டுநர் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டனர். அவற்றோடு சேரும் வினைகளோ முற்றிலும் தமிழ்: கிளட்சை மிதி, விடு, கியரைப் போடு, இறக்கு, ஸ்டீயரிங்கை ஒடி, ரிவர்ஸ் எடு, ஹாரன் அடி, சைடு வாங்கு. ஆங்கிலம் ஒரு வினையால் முடித்துக்கொள்ளும் இடத்தில் தமிழ் இரண்டு மூன்றாகப் பிரித்து வைத்திருப்பது ஈண்டுக் கவனத்துக்குரியது.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். 'பிரேக் போடு' என்பது பொதுவினை. 'பிரேக் பிடி' என்பதில் அழுத்தத்தைத் தொடர்ந்து காத்தல் என்னும் பொருள் உண்டு. "மெல்லப் பிடிச்சுக்கிட்டே வா" என்று சொல்லலாம், "மெல்லப் போட்டுக்கிட்டே வா" என்பது பெரியவரின் வாயில் வரவே இல்லை. 'பிரேக் அடி' என்பது திடீரென முழு விசையோடு மிதித்தல். "சடன் பிரேக் அடிச்சான்" என்றால் அங்கே ஒரு பழிச்சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிதியின் அளவு வினைச்சொல்லுக்குள்ளேயே உள்ளது.

இப்பாகுபாடு இவ்விளையாட்டின் கருவி வரலாற்றோடு பொருந்தி வருவதைக் காண்க. 1997ஆம் ஆண்டுக் கைப்பிடியின் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை அறியா; அழுத்தினால் முழுப் பிரேக், எடுத்தால் ஒன்றுமில்லை. பொத்தானை மட்டும் நம்பி ஆடியவனால் பிரேக் அடிக்க முடிந்தது, பிடிக்க முடியவில்லை. 2000ஆம் ஆண்டின் இரண்டாம் பிளேஸ்டேஷனோடு அழுத்தம் உணரும் பொத்தான்கள் வந்தன. அடுத்த ஆண்டு வெளிவந்த 3ஆம் பதிப்பில் பிடித்தல் பொத்தானுக்கும் கைகூடியது. 2020இல் வந்த ஐந்தாம் பிளேஸ்டேஷனின் கைப்பிடியில் விரலை எதிர்த்து நிற்கும் விசைகள் உள்ளன. 7ஆம் பதிப்பில் பிரேக்கை அளவு மீறி அழுத்தினால் விசை விரலுக்கடியில் துடிக்கிறது. பொறியாளர்கள் 20 ஆண்டுகளுக்கு மேல் முயன்று அடைந்த வேறுபாட்டை ஓட்டுநர் தமிழ் இரண்டு துணைவினைகளில் வைத்திருந்தது. 'நிறுத்தியை இயக்கவும்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் கடன்சொல்லை அகற்றிவிட்டோம் என்று மகிழலாம். அவர் அகற்றியது தமிழை.

'பிடி'க்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கால் பிரேக்கைப் பிடிக்கிறது. டயர் சாலையைப் பிடிக்கிறது. கிரிப் என்பதற்குப் 'பிடிப்பு' என்றே ஓட்டுநர் சொல்கின்றனர்: "டயர் ரோட்ட பிடிக்கல." இரண்டையும் ஒரே சொல் ஆள்வதால், ஒன்று மற்றதன் எல்லையை மீறக்கூடாது என்னும் ஓட்டக் கலையின் முதல் விதி சொல்லிலேயே அடங்குகிறது. கால் பிடிப்பது டயர் பிடிப்பதற்கு மேற்பட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ உள்ளங்கை அளவுதான்; நிறுத்துவதற்கும் திரும்புவதற்கும் அந்த உள்ளங்கையின் பிடிப்பையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

சொன்னபடி கேளாத வண்டி

காரோட்ட விளையாட்டின் கையேடுகளில் தவிர்க்க முடியாத இரு சொற்கள் அண்டர்ஸ்டீயர், ஓவர்ஸ்டீயர். வளைவில் முன்டயர்கள் பிடிப்பிழந்து, சக்கரத்தைத் திருப்பியும் வண்டி நேரே செல்ல முயல்வது முன்னது. பின்டயர்கள் பிடிப்பிழந்து வண்டியின் பின்பக்கம் வெளியே தள்ளப்படுவது பின்னது. ஜெர்மானியம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகள் குறை, மிகை என்னும் முன்னொட்டுகளைச் சேர்த்து இவற்றை அமைத்துக்கொண்டன. ஜப்பானியம் ஆங்கிலச் சொல்லையே தன் ஒலியமைப்புக்கேற்ப ஏற்றது. நாமும் குறைதிருப்பம், மிகைதிருப்பம் என ஒரு நாளில் ஆக்கிவிடலாம். ஆக்கினால் ஆங்கிலச் சொல்லின் குறையும் உடன் வந்து சேரும். ஓவர்ஸ்டீயர் என்னும் சொல்லைக் கேட்போன், ஓட்டுநர் மிகையாகத் திருப்பிவிட்டார் என்றே கொள்வான். நிகழ்ந்தது அதுவன்று. அளவாகத் திருப்பியவனுக்கும், முடுக்கியைச் சற்று மிகுதியாக அழுத்தியதனால் பின்பக்கம் நழுவலாம்.

பெரியவரின் வாயில் இவ்விரண்டும் எப்படி வந்தன என்பதைப் பார்ப்போம். பேரன் வேகமாய் வளைவினுள் புகுந்து, கார் வெளிவிளிம்பை நோக்கிச் சென்றபோது அவர் சொன்னது: "வண்டி சொன்னபடி கேக்கல பாத்தியா, அது பாட்டுக்கு நேரா போவுது." மற்றொரு முறை, பின்பக்கம் விலகியபோது: "பின்னால வீசுதுலே, கால எடு." பேரன் இரண்டுக்கும் ஆங்கிலச் சொற்களையே சொன்னான். அவன் சொற்கள் நிகழ்ச்சிக்குப் பெயரிட்டன. தாத்தாவின் தொடர்களில் எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, அடுத்துச் செய்ய வேண்டியதும் இருந்தது. முதல் தொடரில் வண்டி சொல் கேளாத உயிர். இரண்டாவதில் அதன் பின்பாதி தானே ஒரு வினைமுதல். நோய்க்குப் பெயர் சொல்வோனுக்கும் நோய்க்குறி சொல்வோனுக்கும் இடையிலான வேற்றுமை இது.

வளைவில் எப்படி நுழைவது என்பதற்கு அவர் கூறிய முறை இது: "வளவுல ஒடிக்கதுக்கு முன்னால பிரேக்க பிடி, பாரம் முன்னால விழும், அப்பம் ஒடி, ஒடிக்க ஒடிக்க பிடிய விட்டுக்கிட்டே வா." பந்தயப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் நுட்பம் இதுவே. வேகம் குறைகையில் எடை முன்சக்கரங்களின் மேல் சென்று அழுத்த, அவற்றின் பிடிப்பு கூடுகிறது. அந்த நொடியில் திருப்பினால் வண்டி கேட்கும். இயற்பியல் நூலின் 'எடைப் பெயர்ச்சி'யை அவர் 'பாரம் விழுதல்' என்றார். எந்த ஆங்கில நூலையும் பார்த்து அவர் இதனைப் பெறவில்லை. பாரம் ஏற்றிய லாரி அவருக்கு அதனைக் கற்பித்தது.

இவ்வழக்கு நெடிய மரபுடையது. தேரைக் குறித்துச் சங்கச் செய்யுள் ஆண்ட ஊர், கடவு, செலுத்து, உய் முதலிய வினைகள் ஒவ்வொன்றும் தனித்தனி நுட்பம் உடையன. முல்லைப் பாட்டுகளில் தலைவன் பாகனிடம் கூறுவது பெரும்பாலும் விரைவு பற்றியே. அகநானூற்று 4ஆம் பாடலிலோ பூவிலுள்ள வண்டுகள் கலையாதிருக்கும் பொருட்டு மணியின் நாவைக் கட்டிவிட்டுத் தேர் வருகிறது. ஊர்தியின் வினையை உற்று நோக்கும் கண் நமக்குப் புதிதன்று. (கார்காலத்தில் தலைவன் திரும்பும் மரபை உடைய மொழிக்குக் கார் என்னும் கடன்சொல் வந்து சேர்ந்ததைப் பற்றி வகுப்பறைகளில் பல நகைச்சுவைகள் உண்டு, அவற்றை ஈண்டு விரிக்கவில்லை. மகிழுந்து என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.)

தமிழர் இத்துறைக்கு அயலாரும் அல்லர். சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்தது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டினார். சென்னையின் கருண் சாந்தோக் 2010இல் ஓட்டினார். அவ்வாண்டுப் பந்தயத்தைப் பாவித்த விளையாட்டில் சாந்தோக்கும், அடுத்த ஆண்டு விளையாட்டில் கார்த்திகேயனும் ஆடுபவன் தேர்ந்தெடுக்கக்கூடிய ஓட்டுநர்களாக இடம் பெற்றனர். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. தமிழர் பெயர் திரையில் வந்துவிட்டது; அவர் வண்டியோடு பேசும் மொழி வரவில்லை.

சுற்றும் பயனும்

லேப் என்பதற்குச் சுற்று என்பதே இதழ்களின் வழக்கு. போட்டியின் ஒரு கட்டமும் சுற்று. வண்டி நிலைதடுமாறித் தன்னையே சுழற்றிக்கொள்வதும் பேச்சில் 'சுத்திருச்சு'. மூன்றாம் சுற்றின் இரண்டாம் சுற்றில் வண்டி சுற்றிவிட்டது என்று எழுதிப் பார்த்தால் இடர்ப்பாடு விளங்கும். கிங்ஸ் சர்க்கிளை வண்டிகள் கடிகார முள்ளின் திசையில் சுற்றுகின்றன. பெரும்பான்மைப் பந்தயத் தடங்களும் அவ்வாறே ஓடுகின்றன. நடுப்பொருள் தன் வலக்கைப்புறம் இருக்கச் சுற்றுவதற்கு வலம் என்றும், எதிர்த்திசைக்கு இடம் என்றும் நமக்குச் சொற்கள் உள்ளன. 'ஐந்து வலம்' என்பது பந்தயத்துக்குப் பொருந்துமா என்று பெரியவரிடம் கேட்டேன். "கோயில்ல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அச்சொல்லை நானும் கைவிட்டேன்.

இனி உவமவியல் கூறும் நான்கனுள் எஞ்சி நிற்பது பயன். இவ்விடத்தில்தான் இவ்விளையாட்டின்மேல் என் குறைபாடு. வினையில் அத்துணை நுண்மை காட்டிய படைப்பு, வினையின் விளைவில் கண்ணை மூடிக்கொள்கிறது. 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் கார் சுவரில் எத்தனை முறை மோதினாலும் ஒரு நெளிவு விழாது. பிரேக் பிடிக்க வேண்டிய வளைவில் சுவரை உரசித் திரும்புவது விரைவான வழி என்பதை ஆடுபவர்கள் கண்டுகொண்டனர். காரின் பழுதைக் காட்டும் முறை 2010ஆம் ஆண்டின் 5ஆம் பதிப்பில்தான் இத்தொடரின் முதன்மைப் பதிப்புகளுள் இடம்பெற்றது. அதன் பின்னும் அது முழுமையுறவில்லை. தம் கார்கள் நசுங்குவதைக் காட்ட உற்பத்தியாளர் விரும்பார் என்பது காரணமாகக் கூறப்படுவதுண்டு. காரணம் எதுவாயினும் அழகியல் விளைவு ஒன்றே: பிடித்தலின் நுட்பத்தைக் கற்பிக்கும் படைப்பு, பிடிக்காமற் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாது விடுகிறது. பேரன் பழைய பதிப்பு ஒன்றை ஆடுகையில் சுவரோடு உரசிச் சென்றதைப் பார்த்த பெரியவர் கேட்டார்: "ஓனர் கேக்கமாட்டானாலே?" பிறர் வண்டியை நாள்வாடகைக்கு ஓட்டியவரின் கேள்வி அது. இவ்விளையாட்டில் ஓனர் இல்லை. வண்டியை எதிர்பார்த்து வீட்டில் யாரும் இல்லை. குறுக்கே கடப்பவர் இல்லை. மழைநாளில் காந்தி மார்க்கெட் அருகே முழங்கால் அளவு நிற்கும் தண்ணீரில் முதல் கியரை மாற்றாமல், முடுக்கியை விடாமல் வண்டியைக் கொண்டு செல்லும் இக்கட்டும் இல்லை. பந்தயத் தடத்தைப் பாவிக்கும் படைப்பிடம் தெருவைக் கேட்பது முறையன்று என்பர், ஏற்கிறேன். ஆயின் சுவரும் தடத்தின் பகுதியே. 'ரியல்' என்னும் அடையைத் தானே தேடி அணிந்துகொண்ட படைப்பு நான்கில் மூன்றை மட்டும் கொண்டு அதற்கு உரிமை கோருவதை ஒப்ப இயலவில்லை.

இவ்வாறெல்லாம் எழுதிய பின், பெயர்த்துக் காட்டாமல் இருப்பது முறையாகாது என எண்ணி, வளைவுக்கான ஒரு பாடத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். முதற்படியில் 'வளைவிற்கு முன் வேகத்தைக் குறைக்கவும்' என்று தொடங்கியிருந்தேன். அதைக் கேட்ட பெரியவர் இது ஹைவேஸ்காரன் பலகை என்றார். '-வும்' என முடியும் ஏவல் அச்சுக்கு மரியாதையானது. ஆனால் 'பிடிக்கவும்' என்று முடிப்பதற்குள் வளைவு கடந்துபோகும். இரண்டாம் படியை அவருடைய தொடரைத் தழுவியே அமைத்தேன்: 'பிரேக்கைப் பிடி. பாரம் முன்னே விழட்டும். ஒடி. ஒடித்தபடியே பிடியை விடு. பின்னால் வீசினால் முடுக்கிமேல் இருக்கும் காலை எடு.' 'கால்' என்பது கைவிரலால் ஆடுபவனுக்குப் பொருந்தாது என்பதை அறிந்தே விட்டுவைத்தேன். பேரனும் அச்சொல்லைக் கேட்டு விரலைத்தான் எடுத்தான்.

அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆங்கிலவழிப் பள்ளியில் இந்தியும் மராத்தியும் படிக்கிறான். ஆகவே தாளைத் தாத்தா கையில் வைத்துக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் வாசித்தார். முதல் இரு சுற்றுகளில் 'ஒடி' என்பது பிந்தி வந்தது. மூன்றாவதில் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துச் சொன்னார். சொல் இடத்தில் விழுந்தது. 'வீசு' என்பதற்குக் காற்று, மணம், எறிதல் எனப் பிற பொருள்கள் மிகுதியாய் இருப்பதால், மும்பைக்கு வெளியே உள்ளவர்க்கு அது விளங்குமா என்னும் ஐயம் எனக்கு இன்னும் உண்டு. என் படியில் அச்சொல்லின் எதிரே இட்ட வினாக்குறியை நீக்கவில்லை.